வராலும் அதிர்ஷ்டமும்

சுங்கை பெசார்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதல் சம்பளத்தில் வாங்கிய தூண்டில் கம்பையும் ரீலையும் எடுத்துக்கொண்டு, பெஸ்தாரி ஜெயாவின் பழைய ஈய லம்பக் குளமொன்றின் கரையில் பகல் முழுவதும் காத்திருந்தும் ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அதற்காக நான் வருந்தவில்லை. வெறுங்கையோடு திரும்புவது இந்தக் கலையில் புதிதன்று. ஆனால் கடிதத்தின் இறுதியில், 'முதல் நாள் மழை கெடுத்துவிட்டது. மீன் பிடிப்பதும் பந்தாட்டத்தில் கோல் காப்பதும் அதிர்ஷ்டம்தானே சார்' என்று முடித்திருந்தாயே, அந்த வாக்கியம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அறியாமையை நான் பொறுத்துக்கொள்வேன். அறிவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை என்று சாதிக்கும் மனோபாவத்தை மட்டும் என்னால் பொறுக்க முடிவதில்லை. ஆகையால் இந்தக் கடிதம் சற்று நீளும்.

முள் கட்டுவதும் புழுக் கோப்பதும் தோட்டத்து வாய்க்காலிலேயே உனக்குக் கைவந்தவை. அவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நான் சொல்ல வந்தது ஒன்றே: நீரின் இயல்பையும் அதில் வாழும் மீனின் சுபாவத்தையும் அறிந்த பிறகே கருவியைப் பற்றிய யோசனை வரவேண்டும், நீயோ கருவியை வாங்கிவிட்டு, அதற்கேற்ற மீன் வரவில்லையே என்று மழைமேல் பழி சுமத்துகிறாய்.

நீரில் கரைந்திருக்கும் பிராணவாயு மிகச் சொற்பம். 25 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 8.3 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். வெப்பம் 30 பாகைக்கு ஏறினால் அது 7.5 ஆகக் குறைந்துவிடும். பகலில் பாசியும் நீர்ச்செடிகளும் வெயிலின் உதவியால் அதைப் பெருக்குகின்றன. இரவில் அவையே அதைச் செலவிடுகின்றன. எனவே விடியலுக்குச் சற்று முன்புதான் குளத்தில் அது மிகவும் குறைந்திருக்கும். ஈயம் வாரிய குளங்களோ செங்குத்தான கரையும் மிகுந்த ஆழமும் உடையவை. காற்றில்லாத வெயில் நாட்களில் மேல்நீர் சூடாகவும் அடிநீர் குளிர்ந்தும் தனித்தனியே நின்றுவிட, அடியிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோகிறது. அந்த நிலையில் பெருமழையும் காற்றும் வந்து குளத்தைக் கலக்கினால், பிராணவாயு இல்லாத அடிநீர் மேலே வருகிறது. மறுநாள் வானம் மப்பும் மந்தாரமுமாக இருந்துவிட்டால் பாசியும் ஈடு செய்ய இயலாமற் போகிறது. செவுளால் மட்டுமே சுவாசிக்கும் திலாப்பியாவும் லம்பாமும் அப்போது இரையைப் பற்றி நினைக்குமா? மூச்சுக்கே தவிக்கும் ஜீவனுக்குப் பசி ஏது?

இங்கேதான் உன் பொதுவிதி உடைகிறது. வரால் (நம் ஊரில் ஹருவான் என்கிறோமே, அதுதான்) செவுளை மட்டும் நம்பி வாழும் மீனன்று. அதன் தலையில், செவுளுக்கு மேலே, காற்றைச் சுவாசிப்பதற்கென்றே ஓர் அறை அமைந்திருக்கிறது. வளர்ந்த வரால் அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கியே தீரவேண்டும், வரவிடாமல் தடுத்தால் நீருக்குள்ளேயே மூச்சுமுட்டி இறந்துபோகும். அதன் இனத்ததாகிய தோமானும், வேறு குடும்பத்ததாகிய பனையேறிக் கெண்டையும் இத்தகைய வரம் பெற்றவைதாம். ஆகவே திலாப்பியாவை வாட்டிய அதே மழை, வாய்க்காலோரத்தில் தவளைகளை எழுப்பி வராலுக்கு விருந்து வைத்திருக்கலாம். 'மழை பெய்தால் மீன் கடிக்காது' என்று சொல்லும்போது நீ எந்த மீனைச் சொல்கிறாய் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்.

காற்றுக்காக மேலே வரும் அந்தக் கணத்தில் வரால் தன் இருப்பிடத்தைத் தானே அறிவித்துவிடுகிறது. அனுபவமுள்ளவன் கரைக்கு வந்தவுடன் தூண்டிலை வீசமாட்டான். புல்லோரத்தில் நின்று, எங்கே நீர் சட்டென்று குமிழியிடுகிறது, எத்தனை நேரம் கழித்து மீண்டும் இடுகிறது, இரண்டாம் முறை எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று கவனித்துக்கொண்டிருப்பான். இவ்வளவையும் பார்த்தபின் வீசப்படும் வீச்சில் அதிர்ஷ்டத்துக்கு என்ன வேலை?

அகநானூற்றின் 36ஆம் பாடலை நீ பரீட்சைக்காகப் படித்திருப்பாய். இப்போது தூண்டிற்காரனாக மறுபடியும் படி. மருதத்திணையில் அமைந்த அப்பாட்டில் மதுரை நக்கீரர் ஓர் ஆண் வராலைக் காட்டுகிறார். வளைந்த இரும்பு முள்ளில் கோத்த இரையை விழுங்கிய அது, ஆம்பல் இலை கிழியவும் குவளை மலர் சிதையவும் துள்ளி எழுந்து, பின்னிக்கிடக்கும் வள்ளைக் கொடிகளைக் கலக்கி, தூண்டிற்காரன் இழுத்தும் வராமல், கயிறு இட்ட சினங்கொண்ட காளையைப் போலக் குளத்தை உழக்குகிறது. தலையாலங்கானத்துப் போரையும் சொல்லவேண்டியிருந்த புலவர் ஒரு மீனுக்கு இத்தனை அடிகளைத் தருவானேன் என்று உரையாசிரியர்கள் உள்ளுறையை விளக்குவார்கள். அதை நான் மறுக்கவில்லை. எனினும் கரையில் நின்று தம் கண்ணால் காணாத ஒருவர் அந்தச் செடிகளின் வரிசையை எழுதியிருக்க முடியாது என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். முள் பட்டவுடன் வரால் முதலில் துள்ளும்; அப்போது கிழிவது நீர்மேல் விரிந்திருக்கும் இலை. பிறகு அது கொடிக்குள் தலையை நுழைக்கும். அப்போது சிக்குவது நீரோரத்து வள்ளை. முன்னது முன்னும் பின்னது பின்னுமாகவே புலவர் சொல்லியிருக்கிறார். அந்தக் குளத்தை நான் விடியற்பொழுதுக் குளம் என்றே கொள்கிறேன். வராலுக்கு உகந்த நேரமும் அதுவே. இன்னும் கேள்: அந்த வள்ளைதான் நம் சந்தையில் காங்கோங் என்று கட்டுக்கட்டாக விற்கும் கீரை, சுங்கை பெசாரின் நெல்வயல் வாய்க்கால்களில் வராலும் அதுவும் இன்றைக்கும் ஒன்றாகவே வாழ்கின்றன. சங்கப் புலவரின் குளம் நம் வீட்டுப் பின்புறத்தில் கிடக்க, நம் பிள்ளைகள் அதை மனப்பாடப் பகுதி என்று மட்டும் நினைப்பது எனக்குச் சகிக்கவில்லை.

அந்தப் பாட்டிலிருந்தே கருவியின் இலக்கணம் பிறக்கிறது. மீன் கொடிக்குள் ஓடும் என்பது தெரிந்தால், மெல்லிய நரம்பும் வளைந்து கொடுக்கும் கம்பும் பயன்படா என்பதும் தெரியும். 20 முதல் 30 ராத்தல் தாங்கும் பின்னல் நூலும், முறுக்கான கம்பும், புல்லில் மாட்டாதபடி முள் முதுகோடு படிந்திருக்கும் ரப்பர் தவளையும் வராலுக்குப் போதும். அது இரையைக் கவ்விய ஓசை கேட்டதும் இழுத்துவிடாமல், வாயை மூடித் திரும்புவதற்கு ஒரு கணம் விட்டுப் பின்பு ஓங்கி இழு. தோமானுக்குக் கூரிய பல் உண்டாதலால் முள்ளுக்கு முன்னே எஃகுக் கம்பித் துண்டு அவசியம். பனையேறிக் கெண்டைக்கோ மூங்கில் கம்பும் சிறு தக்கையும் மண்புழுவும் 10ஆம் எண் முள்ளுமே தாராளம். எண் ஏற ஏற முள் சிறுக்கும், வராலுக்கு வேண்டிய பெரிய முள்ளோ 1/0, 2/0 என்று வேறு வரிசையில் வரும். நீ ஆழக்குளத்தின் நடுவே எறிய வாங்கிய நீண்ட கம்பு நல்ல கம்புதான். ஆனால் நீ தேடிய மீன் கரையோரத்தில் இருந்தது.

காலத்தையும் கவனி. 1930களில் தொடங்கிய தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டத்தின் வாய்க்கால்களுக்குப் பெர்னாம் ஆற்றிலிருந்து நீர் வருகிறது. ஆண்டுக்கு இரு போகம். அறுவடைக்கு முன் வயலை வடித்துவிடுவார்கள். வயலெல்லாம் பரவியிருந்த மீன் அப்போது வடிகால்களில் வந்து சேரும். இதை எந்தக் கடைக்காரனும் விற்கமாட்டான். வயல்காரரிடம் விசாரித்துத் தெரிந்துகொள்.

இனிப் பந்தாட்டத்துக்கு வருகிறேன். லிவர்பூலின் மாற்று ஆட்டக்காரர் வரை உனக்கு அத்துப்படி. நள்ளிரவு தாண்டி ஆட்டம் பார்த்துவிட்டு, வெயில் ஏறியபின் குளத்துக்குப் போகிறாய். விடியலையும் இழந்து வராலையும் இழக்கிறாய். மலேசியக் கிண்ணத்தை 1922 முதல் 2015 வரை 33 முறை வென்ற சிலாங்கூர் குழு உன் சொந்த மாநிலத்தினுடையது. அதன் கோல் காவலராக நின்ற ஆர். ஆறுமுகத்தைப் பற்றி நீ ஒரு வரியாவது படித்ததுண்டா? நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடிய அவர், 1980இல் தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற தேசியக் குழுவின் காவலர். அரசியல் புறக்கணிப்பால் அக்குழு மாஸ்கோவுக்குப் போகவில்லை. 1988இல் சாலை விபத்தில் அவர் காலமானார். நீண்ட கை பிறவியில் வாய்த்தது, அதை வேண்டுமானால் அதிர்ஷ்டம் என்று சொல். ஆனால் நிற்கவேண்டிய இடத்தில் நில்லாதவனுக்கு எத்தனை நீளமான கை இருந்தும் பந்து எட்டாது. உதைப்பவனின் இடுப்பும் பாதமும் திரும்பும் திசையைப் பார்த்து, பந்து புறப்படுமுன்னரே ஓரடி நகர்ந்துகொள்வதில்தான் காவலனின் வித்தை இருக்கிறது. கரையில் நின்று வராலின் மூச்சை எண்ணுகிறவனிடம் இருப்பதும் அதே வித்தைதான்.

சில கண்டிப்புகளையும் சொல்லிவிடுகிறேன். இடி முழங்கினால் கம்பைக் கீழே வைத்துவிட்டுக் கூரைக்குள் போ. நீ வாங்கியது கரிநார்க் கம்பு, மின்சாரத்தைக் கடத்தும். மருந்து தெளித்த வயலின் வடிகால் மீனை வீட்டுக்குக் கொண்டுவராதே. மின்சாரம் பாய்ச்சியும் விஷம் கலந்தும் பிடிப்பவரோடு சேராதே. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கும் இடத்தில் தூண்டில் போடாதே. அடியில் தாயும் தந்தையும் காவல் இருக்கும்; இரையை விரும்பி அல்ல, குஞ்சைக் காக்கவே அவை பாய்ந்து கவ்வும். அதைத் திறமை என்று பீற்றிக்கொள்கிறவர்களை நான் மீன்பிடிப்பவர்களாகவே மதிப்பதில்லை. காவல் போன குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். அடுத்த ஆண்டு அந்த வாய்க்காலில் உனக்கும் ஒன்றும் மிஞ்சாது.

வரும் சனிக்கிழமை இரவு ஆட்டத்தை விட்டுவிட்டு நேரத்தோடு உறங்கு. ஞாயிறு விடியலில் கம்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வாய்க்காலுக்குப் போய், நீரின் நிறம், செடிகள் அடர்ந்த இடம், வரால் மூச்சுக்கு வந்த இடங்கள், இரு மூச்சுக்கு இடைப்பட்ட நேரம் ஆகியவற்றைக் குறித்து எனக்கு எழுது. அதைப் படித்தபின் எந்தக் கரையில் நின்று, எந்த முள்ளை, எங்கே வீசவேண்டும் என்பதைப் பதிலில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் ஆசிரியன்