பன்னிரண்டால் வகுக்காதே

திண்டிவனம்
ஐப்பசி மாதம்

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுவது. அண்ணனுக்கு முழங்கால் வலி தேவலையா? இந்த ஈரத்தில் உப்பளத்துப் பக்கம் போக வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய வருஷத் திட்டத்தைப் பேத்தியிடம் சொல்லி அச்செடுத்துப் படித்தேன். முத்ரா கடனுக்கு வங்கியில் கேட்டார்கள் என்று அவசரமாகப் போட்டிருக்கிறாய் போல. கட்டமெல்லாம் நேர்த்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் வருஷத்துக்கு இத்தனை டன் விற்கும் என்று ஒரு தொகையை எடுத்து, பன்னிரண்டால் வகுத்து, ஏப்ரல் முதல் மார்ச் வரை எல்லாக் கட்டத்திலும் ஒரே எண்ணை நிரப்பியிருக்கிறாய். செலவுக்கும் அதே கதை. மளிகைக் கடைக்காரர் அப்படிப் போடலாம். நவம்பர் மாதம் நம் பாத்தியில் நீ எதை வாரப் போகிறாய்?

வங்கிக்கு ஏப்ரல்-மார்ச் கணக்குத்தான் வேண்டும், அதைக் கொடுத்துவிடு. உனக்கென்று வேறொரு தாள் போடு. அது தை மாதத்தில் தொடங்கட்டும்.

மழை ஓய்ந்ததும் அளத்தில் தேங்கிய தண்ணீரை இறைக்க வேண்டும். கரைந்த வரப்பை எடுத்துக் கட்டி, வாய்க்கால் வண்டலை அள்ளி, பாத்தியின் களிமண் தரையை மிதித்து இறுக்க வேண்டும். தரை இறுகாவிட்டால் உப்பில் மண் ஏறும். வியாபாரி ஒரு பிடி அள்ளிப் பார்த்தே விலையைக் குறைத்துவிடுவார். அப்புறம்தான் உப்புநீர் பாய்ச்சுகிறோம். கடல் தண்ணீரின் அடர்த்தி மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். பாத்தி பாத்தியாக நகர்ந்து, வெயிலில் சுண்டி, 25 டிகிரிக்கு வந்தால்தான் உப்பு பூக்கும். 29, 30 தாண்டினால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், மூட்டையில் ஈரம் கசியும். அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். இதையெல்லாம் பார்த்தே வளர்ந்தவன் நீ, உனக்கு நான் பாடம் நடத்தத் தேவையில்லை. தண்ணீர் இறைக்கிற நாளுக்கும் முதல் உப்பு வாருகிற நாளுக்கும் நடுவில் சுமார் இரண்டு மாதம் போய்விடுகிறது, அதைத்தான் சொல்ல வந்தேன். அந்த இரண்டு மாதமும் பணம் போகும், வராது. உன் தாளில் அது எங்கே இருக்கிறது?

நம் மரக்காணத்தில் எத்தனையோ பேர் சறுக்கியது அந்த இடைவெளியில்தான். மழைக்காலத்தில் கையிருப்பு கரைந்துபோயிருக்கும். தை பிறந்ததும் ஆளுக்குக் கூலி, மோட்டாருக்குக் கரண்டு, குத்தகைப் பாக்கி என்று எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். சரியாக அந்த வாரம் பார்த்து மொத்த வியாபாரி வீட்டுக்கு வருவார், காபி குடிப்பார், முன்பணம் கொடுப்பார். வட்டி கேட்கமாட்டார், நல்ல மனுஷன் என்று தோன்றும். சித்திரையில் உப்பு குவியும்போதுதான் தெரியும், அந்த வருஷத்து உப்புக்கு அவர் சொல்வதுதான் விலை என்று. மூட்டைக்கு எவ்வளவு குறைத்தார் என்று கணக்குப் பார்த்தால் கந்து வட்டியே தேவலை என்றாகிவிடும். உன் வருஷத் திட்டத்துக்கு என்னைக் கேட்டால் ஒரே வேலைதான்: தை மாதம் யாரிடமும் முன்பணம் வாங்காமல் நீ பாத்தி கட்ட வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் என் ஊகம், உன் எண்ணை நீ போட்டுக்கொள். வீட்டுச் செலவு மாதம் 18,000 ரூபாய் என்று வை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நாலு மாதத்துக்கு 72,000. வரப்பு, வாய்க்கால், பாத்தி மிதிக்கிற கூலி 60,000. குத்தகை, கரண்டு, சில்லறைச் செலவு 28,000. ஆக 1,60,000 ரூபாய். அக்டோபர் கடைசியில் இது தனிக் கணக்கில் இருக்க வேண்டும். இதையும் ஏழால் வகுத்து மாதா மாதம் சமமாக எடுத்து வைக்கப் பார்க்காதே. மார்ச்சில் உப்பு அப்போதுதான் வரத் தொடங்கும், 10,000 போதும். ஏப்ரல், மே, ஜூன்தான் நமக்கு அறுவடை, மாதம் 35,000 எடுத்து வை. ஜூலை முதல் செப்டம்பர் வரை சாயங்கால இடிமழை வந்து வந்து கெடுக்கும், மாதம் 15,000. கூட்டிப் பார், சரியாக வரும். இந்தப் பணத்தைத் தொடுவதற்கு முன்னால் உன் பெண்டாட்டியைக் கேட்கவேண்டும் என்று ஒரு சட்டம் வைத்துக்கொள். உங்கள் மாமா காலத்தில் அந்தப் பாஸ்புக் என்னிடம்தான் இருந்தது.

முதல் வருஷத்துக்கு அந்தக் கையிருப்பு உன்னிடம் கிடையாது, தெரியும். கடன் அதற்குத்தான். முத்ராவில் கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை கொடுக்கிறார்கள். கிடைக்கிறது என்பதற்காக முழுசையும் வாங்காதே. பணத்தை ஜனவரியில் எடுக்கிற மாதிரிப் பார்த்துக்கொள். ஏப்ரலில் கைக்கு வந்தால் அதற்குள் முன்பணம் வாங்கியிருப்பாய், புதுப் பணத்தில் பைக்தான் வரும். தவணையை உப்பு வாருகிற மாதங்களில் கூட்டியும் மழை மாதங்களில் குறைத்தும் வைக்க முடியுமா என்று மேலாளரிடம் கேட்டுப் பார். கேட்காதவனுக்கு யாரும் கொடுப்பதில்லை. முடியாது என்றால் மழை மாதத் தவணையையும் அந்த 1,60,000 ரூபாயோடு சேர்த்துக்கொள்.

மழை வருமா, எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நம் கரையில் புயல் அதிசயமில்லை. 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல். 2020 நவம்பர் 25 இரவு நிவர் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் பக்கத்தில்தான் கரை ஏறியது. 2024 நவம்பர் 30-இல் பெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று கொட்டியது. புதுச்சேரியில் மட்டும் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர். கழுவேலி ஏரி நிரம்பினால் அந்தத் தண்ணீர் கடலுக்குப் போகிற வழியில்தான் நாம் இருக்கிறோம். அதனால் திட்டத்தை ரெண்டு விதமாகப் போடு. ஒன்று ஒழுங்கான வருஷத்துக்கு. இன்னொன்று, மே மாதம் எதிர்பாராத மழை ஒன்று வந்து பாத்தியில் இருந்ததெல்லாம் கரைந்து, மழைக்காலமும் முன்கூட்டியே தொடங்கிவிட்ட வருஷத்துக்கு. கடன் எவ்வளவு வாங்கலாம் என்பதை ரெண்டாவது தாளைப் பார்த்து முடிவு செய். புறநானூற்றில் ஔவையார் உப்பு வணிகரான உமணரைச் சொல்லுகிற இடத்தில், உப்பு வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டுதான் கிளம்புவார்கள் என்று வருகிறது. மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்று. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் நம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அத்தனை பழைய தொழில், அன்றைக்கே உபரி அச்சு இல்லாமல் வண்டி ஓடவில்லை.

இனி விற்பனை. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்துத்தான் நாம். நாட்டு உப்பில் முக்கால் பங்குக்கு மேல் குஜராத்திலிருந்து வருகிறது. அதனால் விலை உன் கையில் இல்லை. எப்போது விற்பது என்பது மட்டும் ஓரளவு உன் கையில் இருக்கிறது, அதுவும் முன்பணம் வாங்காதிருந்தால்.

யார் எப்போது வாங்குகிறார்கள் என்று தாளில் எழுது. வடகம், வற்றல், மாங்காய் ஊறுகாய் எல்லாம் கோடையில். வீட்டுக்காரர்களும் சின்ன ஊறுகாய்க்காரர்களும் அப்போது வாங்குவார்கள். கருவாட்டுக்காரர்கள் கதை வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நம்மிடம் உப்பு மலையாகக் குவிந்திருக்கும் அந்த நாட்களில் அவர்களுக்கு மீன் வரத்துக் குறைவு. தடை முடிந்து படகு திரும்பியதும் கேட்பார்கள். மே மாதமே குப்பங்களுக்குப் போய்ப் பேசிவைத்துக்கொள். தோல் பதனிடுபவர்கள், சாயப்பட்டறைக்காரர்கள் வருஷம் முழுக்க வாங்குவார்கள். ஆனால் பணம் தாமதமாக வரும். அவர்களுக்கு எழுதும் கட்டத்தில் விற்ற மாதத்தைப் போடாதே, காசு கைக்கு வரும் மாதத்தைப் போடு.

வாரியதை எல்லாம் ஜூனிலேயே தள்ளிவிடாதே. மழை பிடித்தபின் உப்பு கிடைக்காது, விலை ஏறும். பாதியை விற்றுச் செலவைச் சமாளி, ஒரு பங்கைப் பேசிவைத்தவர்களுக்கு வை, மிச்சத்தை அம்பாரமாக மேட்டில் ஏற்றி மூடிவை. முன்பு பனையோலை வேய்ந்தோம், இப்போது தார்ப்பாய். தார்ப்பாய்க் காசையும் கரைந்து போகிற சேதாரத்தையும் கழித்த பிறகும் விலை மிஞ்சுமா என்று பார்த்து எத்தனை டன் வைப்பது என்று முடிவு செய். அந்த முடிவை ஆடிப்பெருக்கு வாரத்தில் உட்கார்ந்து எடு. அதற்குள் வருஷம் எப்படிப் போகிறது என்று தெரிந்துவிடும், மழைக்கும் நாள் இருக்கும்.

பாக்கெட் போடும் யோசனை நல்லதுதான், ஆனால் முதல் வருஷமே வேண்டாம் என்பேன். சாப்பாட்டு உப்பென்று விற்றால் அயோடின் கலந்தே ஆக வேண்டும், வாங்குகிறவர் கைக்குப் போகும்போது பத்து லட்சத்துக்குப் பதினைந்து பங்காவது இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவு, உறையில் பெயர், தொகுதி எண், மாதம் எல்லாம் உண்டு. உப்புக்கு ஜிஎஸ்டி இல்லை என்று உன் தாளில் பெருமையாக எழுதியிருக்கிறாய். உண்மைதான். அதனாலேயே கவருக்கும் மிஷினுக்கும் நீ கட்டுகிற ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்க முடியாது. அதுவும் உன் அடக்க விலையில்தான் ஏறும். கவர் விலையை வரியோடு சேர்த்துப் போட்டு, மறுபடி கணக்குப் பார்.

ஒரு கட்டம் உன் தாளில் இல்லவே இல்லை. ஆட்கள். கூலி என்று ஒரு வரி போட்டிருக்கிறாய், அவ்வளவுதான். விடியற்காலையில் வெறுங்காலோடு உப்புநீரில் நின்று வாருகிறவர்களும், வெள்ளை வெயில் கண்ணைப் பறிக்கத் தலையில் சுமக்கிற பெண்களும் அந்த ஒரு வரிக்குள் அடங்கமாட்டார்கள். பூட்ஸ், கண்ணாடி, குடிதண்ணீர், நிழலுக்கு ஒரு கொட்டகை, இவற்றுக்குத் தனியாக ஒரு தொகை எழுது. மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. நலவாரியப் பதிவு சரியாக இல்லாதவர்களுக்கு அது கைக்கு வருவதில் சிக்கல். யாருடைய அட்டை புதுப்பிக்கவில்லை என்று ஆவணியிலேயே கேட்டு, கூடப் போய் முடித்துக் கொடு. அது உன் வேலை இல்லை என்று சொல்வார்கள். தை மாதம் ஆள் கிடைக்காமல் பக்கத்து அளத்துக்காரர் அலையும்போது தெரியும், அது யாருடைய வேலை என்று.

இலக்கு, தொலைநோக்கு என்று மேலே ஒரு பத்தி எழுதியிருக்கிறாயே, அதை வங்கித் தாளில் மட்டும் வை. உன் தாளில் அந்த இடத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்துக்கு இடம் விடு. மழை பெய்த நாள், வாரிய மூட்டை, விற்ற விலை, வந்த பணம், தினம் நாலு எண். மூணு வருஷம் எழுதினால் திட்டம் போட யாரையும் கேட்கத் தேவையில்லை.

கார்த்திகை தீபத்துக்கு நான் ஊருக்கு வருகிறேன். அதற்குள் தாளைத் திருத்தி வை. அதுவரை யார் பணத்தோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தாலும் காபி கொடுத்து அனுப்பு, கை நீட்டாதே. எத்தனை அவசரமானாலும் முதலில் எனக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
உன் அத்தை