கற்றலிற் கண்ட இன்பம்

இன்பத்தை விரும்பாத மாந்தர் இலர். ஆயின், அஃது எங்கே கிடைக்கும் என்பதில் அவர்தம் கருத்து ஒன்றாய் இருப்பதில்லை. பொருளில் உண்டென்பர் சிலர். புகழில் உண்டென்பர் சிலர். பொருள் விளங்காத ஒரு பழஞ்சுவடியில் அதனைக் கண்டார் ஒருவர். அவரே டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

ஐயர் 1855ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய ஊர் தஞ்சை நாட்டிலுள்ள உத்தமதானபுரம். தந்தையார் வேங்கட சுப்பையர் இசைவாணர். மைந்தனும் இசையிலே தேர்ச்சி பெறவேண்டும் என்பது அவர் விருப்பம். மைந்தன் உள்ளமோ தமிழையே நாடிற்று. அதனை அறிந்த தந்தையார் தடைசெய்தாரல்லர். தமிழ் சொல்லித்தர வல்லார் எவ்வூரில் இருக்கின்றார் என்று தேடி, அவ்வூருக்கெல்லாம் குடும்பத்துடன் பெயர்ந்து சென்றார். வறுமையிடையே அவர் செய்த இவ்வுதவி சிறிதன்று. இறுதியில், 1871ஆம் ஆண்டு, மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மைந்தனைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிள்ளையவர்கள் 1876இல் மறையும் வரையில் ஐயர் அவர்பால் இடைவிடாது பாடம் கேட்டார். பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் வளர்ந்தார். 1880ஆம் ஆண்டு தியாகராச செட்டியாரின் முயற்சியால் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார்.

அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காண ஐயர் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கின்றீர் என்று முதலியார் வினவினார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, கலம்பகம், புராணம் என ஒவ்வொரு வகையிலும் தாம் கற்றவற்றை ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். கேட்டிருந்தவர் முகத்தில் வியப்புக்குறி சிறிதும் தோன்றவில்லை. இவற்றையெல்லாம் படித்ததனால் என்ன பயன் என்பதே அவர் கேட்ட கேள்வி. பின்னர், சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயரின் ஆசிரியர்தாமும் அவற்றைப் பாடஞ் சொன்னதில்லை; ஏடுகள் கிடைப்பதே அந்நாளில் அரிது.

இருபத்தைந்து வயதில், கல்லூரிப் பதவியும் பெரியோர் நன்மதிப்பும் பெற்றிருந்த ஒருவர்க்கு இஃது எத்தகைய மொழியாய் இருந்திருக்கும்! கற்றவர்க்கு அறியாமையைச் சுட்டிக்காட்டுவதைக் காட்டிலும் கசப்பான மருந்து வேறில்லை. சினந்து எழுந்து சென்றிருந்தால் அவரைக் குறைகூறுவார் இரார். ஐயரோ, நூல் கிடைத்தால் தாம் படிக்க விரும்புவதாக உரைத்தார். முதலியார் தம்மிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியை அவரிடம் கொடுத்தார்.

சிந்தாமணி திருத்தக்கதேவர் என்னும் சமண முனிவர் இயற்றிய காப்பியம். அதற்கு நச்சினார்க்கினியர் உரை உண்டு. ஐயர் செய்யுளைப் படித்தார், சொல் விளங்கியது, கருத்து விளங்கவில்லை. உரையைப் படித்தார், உரையும் பல இடங்களில் இருளாகவே இருந்தது. சமண சமயக் கொள்கைகளும் வழக்குச் சொற்களும் சைவச் சூழலில் பயின்ற அவருக்கு முற்றிலும் புதியன. யாரிடம் கேட்பது? கும்பகோணத்திலேயே சமணர் சிலர் வாழ்கின்றனர் என்று நண்பர் ஒருவர் கூறக் கேட்டு, அவர்களுடைய இல்லத்தைத் தேடிச் சென்றார்.

அன்று அவ்வீட்டு வாயிலில் மாவிலைத் தோரணம் தொங்கிற்று, கோலம் பொலிந்தது. ஏதேனும் விழாவோ என்று ஐயர் வினவினார். சில மாதங்களாகச் சிந்தாமணியைப் படித்துவந்ததாகவும், அன்றுதான் அது நிறைவெய்தியதாகவும், அதன்பொருட்டே அக்கொண்டாட்டம் என்றும் அவர்கள் விடையிறுத்தனர். ஐயர் திகைத்து நின்றார். எந்த நூலை அறிவார் இல்லையே என்று அவர் ஏங்கினாரோ, அந்த நூல் தம் ஊரிலேயே ஒரு வீட்டில் வழிபாட்டுக்குரிய பொருளாய் வாழ்ந்துகொண்டிருந்தது! ஒரு நூலைப் படித்து முடித்ததற்காகத் தோரணம் கட்டிய வீட்டை நம்முள் எத்தனை பேர் கண்டிருப்போம்?

அன்றுமுதல் கல்லூரி ஆசிரியர் மீண்டும் மாணவர் ஆனார். விளங்காத இடங்களைக் குறித்துக்கொண்டு அச்சமணரிடம் சென்று கேட்பார். அவர்களும் மகிழ்ந்து உரைப்பர். ஓர் ஐயம் தெளியும்போது அவர் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. சைவ மடத்தில் வளர்ந்தவர் சமண நூலில் மூழ்குவதா என்று முணுமுணுத்தாரும் உளர். ஐயர் தம் வழிபாட்டை விட்டவரல்லர். தம் கடவுட்பற்றில் தளர்ந்தவருமல்லர். பிறர் நம்பிக்கையை அறிந்துகொள்வதனால் தம் நம்பிக்கை குறைந்துபோம் என்று அஞ்சுபவர்க்கு அந்நம்பிக்கை உறுதியாய் இல்லை என்றே கொள்ளவேண்டும். அவ்வச்சம் ஐயருக்கு இல்லை.

நூலை அச்சிடத் துணிந்தபோது வேறு துன்பங்கள் எழுந்தன. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஒகரங்கள் குறிலா நெடிலா என்பது தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். செய்யுள் அடி பிரியாமல் உரைநடைபோல் ஓடும். செல்லரித்த இடமும் முரிந்த இடமும் வேறு. ஒரு பிரதியை மற்றொன்றோடு ஒப்பிட்டு நோக்கினாலன்றி உண்மைப் பாடம் புலப்படாது. ஆகவே பல ஊர்களிலிருந்தும் பிரதிகளை வருவித்தார். தாமே சென்றும் தேடினார். கல்லூரி விடுமுறை நாட்கள் அச்சுவேலைக்கே கழிந்தன. கைப்பொருள் போதாது; கையொப்பக்காரரின் உதவியை நாடவேண்டியிருந்தது. முதலியாரைக் கண்டு ஏழாண்டு சென்றபின், 1887ஆம் ஆண்டு, சீவகசிந்தாமணி உரையுடன் முழுமையாக வெளிவந்தது.

அவ்வுரையில் நச்சினார்க்கினியர் பல பழைய செய்யுளடிகளை நூற்பெயர் சொல்லாமலே எடுத்துக்காட்டியிருந்தார். இவை எந்நூலில் உள்ளன என்ற வேட்கையே ஐயரைச் சங்க நூல்களிடம் அழைத்துச் சென்றது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. மணிமேகலை பௌத்த நூல். சமணரைத் தேடிச் சென்றதுபோல் பௌத்தரைத் தேடிச் செல்ல வழியில்லை. தமிழ்நாட்டில் அச்சமயத்தார் அருகிவிட்டனர். உடன் பணியாற்றிய ரங்காசாரியர் ஆங்கில நூல்களைப் படித்துப் பௌத்தக் கருத்துக்களை எடுத்துரைக்க, ஐயர் கேட்டு அறிந்தார். அந்நூல் 1898இல் வெளியாயிற்று.

பிற்காலத்தில் ஐயரைப் பட்டங்கள் பல தேடிவந்தன. 1906இல் மகாமகோபாத்தியாயர் ஆனார். 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கிற்று. சென்னைத் திருவேட்டீசுவரன்பேட்டையில் தாம் வாழ்ந்த இல்லத்துக்கு அவர் இட்ட பெயர் தியாகராச விலாசம் என்பது. தமக்குக் கல்லூரிப் பதவி வாய்க்கச் செய்த செட்டியாரை நாள்தோறும் நினைப்பதற்கு அதுவே வழி என்று கருதினார் போலும். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றையும் இரு பாகமாக விரித்து எழுதினார்.

தம் வரலாற்றை, எண்பது வயதைக் கடந்தபின், 1940ஆம் ஆண்டுமுதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதலானார். 1942 ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் அவர் மறைந்தமையால் அது முற்றுப்பெறவில்லை. ஆயினும், அறுபது ஆண்டுகளுக்கு முன்னே கும்பகோணத்து வீடொன்றின் வாயிலில் தாம் கண்ட தோரணத்தை அதில் எழுதிவைத்திருக்கின்றார். அன்று அடைந்த வியப்பு அப்பக்கங்களில் சிறிதும் வாடவில்லை.