வானத்தில் தெரிந்தது என்ன? படத்தை விசாரிக்கும் விதம்



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் அனுப்பும் படங்கள் போனில் லயத்துக்கு லயம் சுற்றுகின்றன. சில சமயம் கொழும்பு வானத்தில் ஒரு வெளிச்சம் நிற்கும் படமும் வரும். "பறக்கும் தட்டாம், வேற உலகத்து ஆட்களாம்" என்று பேச்சு கிளம்பும். பொழுதுபட்டால் பிள்ளைகள் வாசலுக்கு வரப் பயப்படும். சிலர் தாயத்துக்குக் காசு கொடுப்பார்கள். அப்படி ஒரு படம் கைக்கு வந்தால் என்ன செய்வது? அதுதான் இந்த முறை நமது பாடம்.

முதலில் நம் நாட்டுக் கடலில் நடந்த ஒரு சம்பவத்தைப் பார்ப்போம்.

2015 ஒக்டோபர் 3ஆம் திகதி, அமெரிக்காவின் அரிசோனாவில் இரவு வானத்தைப் படம் பிடிக்கும் கற்றலினா ஆய்வுக் குழுவின் படங்களில் ஒரு சிறு புள்ளி விழுந்தது. அது என்னவென்று யாருக்கும் தெரியாது. டபிள்யூ.டீ. 1190 எஃப் என்று ஓர் அடையாளப் பெயர் மட்டும் கொடுத்தார்கள். பிறகு முந்திய வருடங்களில் எடுத்த படங்களையும் தேடி எடுத்து, புள்ளி எந்த நேரத்தில் எங்கே நின்றது என்று கணக்குப் போட்டார்கள். சூரிய ஒளி படும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளப்படுவது தெரிந்தது. காற்றடித்தால் வெறும் தகரப் பேணி உருளும், கல்லு உருளாது இல்லையா? அதுபோலத்தான். ஆகவே இது பாறை அல்ல, உள்ளே வெறுமையான, ஓரிரு மீற்றர் அளவுள்ள பொருள் என்று கண்டுகொண்டார்கள்.

நவம்பர் 13ஆம் திகதி பகல் 11.48 அளவில் அது இலங்கையின் தென் கரைக்கு அப்பால், சுமார் 100 கிலோமீற்றர் தூரத்தில் கடலுக்கு மேலே வந்து விழும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சொன்னபடியே வந்தது. விஞ்ஞானிகள் விமானத்தில் போய், அது எரிந்து சிதறியதைப் படம் பிடித்தார்கள். 1998 ஜனவரியில் லூனார் புரொஸ்பெக்டர் என்ற விண்கலத்தைச் சந்திரனை நோக்கித் தள்ளிவிட்ட இயந்திரப் பகுதியாக அது இருக்க வேண்டும் என்பதே ஆராய்ந்தவர்களின் முடிவு. மனிதன் செய்த பொருள்தான், பதினேழு வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்திருக்கிறது!

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. "அடையாளம் தெரியாத பொருள்" என்றால் இன்னும் தெரியவில்லை என்று மட்டுமே அர்த்தம். வேறு உலகத்திலிருந்து வந்தது என்று அர்த்தமில்லை. அவர்கள் கேட்ட கேள்விகளை நாமும் கேட்கலாம். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

1. எடுத்தவர் யார்? பத்துப் பேர் கைமாறிய படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எடுத்தவரைத் தேடுங்கள். "எனக்கு இன்னொருவர் அனுப்பினார்" என்பது பதில் அல்ல.

2. எந்த நேரம், எந்தத் திசை? வெள்ளவத்தையில் கடல் மேற்கே இருக்கிறது. சில மாதங்களில் பொழுது சாய்ந்ததும் அந்தப் பக்கம் வெள்ளிக் கிரகம் பளிச்சென்று தெரியும். வேறு சில மாதங்களில் அதே கிரகத்தைத்தான் நாம் பிரட்டுக்குப் போகும்போது கிழக்கே விடிவெள்ளியாகப் பார்க்கிறோம். இரத்மலானை விமான நிலையமும் பக்கத்திலேயே உண்டு. நம்மை நோக்கி வரும் விமானத்தின் விளக்கு, அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும்.

3. பக்கத்தில் என்ன இருக்கிறது? கொட்டாஞ்சேனைக்கு அருகே துறைமுகம். அங்கே உயரமான பாரந்தூக்கிகளில் விளக்கு எரியும். சுமார் 350 மீற்றர் உயரமான தாமரைக் கோபுரம், அடிப்பாகத்தை முகில் மறைத்தால், வானத்தில் மிதப்பதுபோலத் தெரியும்.

4. இடையில் கண்ணாடி இருந்ததா? ரயில் யன்னலுக்குள்ளிருந்தோ வீட்டு யன்னலுக்குள்ளிருந்தோ எடுத்தால், உள்ளே எரியும் பல்ப் வானத்தில் எரிவதுபோலப் படத்தில் விழும்.

5. வேறு இடத்திலிருந்து யாராவது பார்த்தார்களா? இதுதான் முக்கியம். வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையே சுமார் 8 கிலோமீற்றர். காலிமுகத்திடலுக்கு மேலே ஒரு பட்டம் விளக்கோடு பறந்தால், வெள்ளவத்தையில் நிற்பவருக்கு அது வடக்கே தெரியும், கொட்டாஞ்சேனையில் நிற்பவருக்குத் தென்மேற்கே தெரியும். ஒரே நேரத்தில் இருவருக்கும் ஒரே திசையில், ஒரே உயரத்தில் தெரிந்தால் அது மிகமிகத் தூரத்தில் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே காட்டலாம். கையை நீட்டிப் பெருவிரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடச் சொல்லுங்கள். கிட்டே உள்ள விரல் இடம் மாறும், தூரத்து மலை மாறாது.

இவ்வளவும் கேட்டும் விடை வராமல் போகலாம். அப்போது "இன்னும் தெரியாது" என்று சொல்வதே சரி. தெரியாத இடத்தைப் பயத்தால் நிரப்பக்கூடாது. 2011 ஆகஸ்டில் "கிறீஸ் பூதம்" என்ற வதந்தி மலையகத்திலும் கிழக்கிலும் பரவியபோது என்ன நடந்தது என்பது நமக்கு மறக்காது. வழியில் போனவர்களும் அடிபட்டார்கள், உயிரும் போனது. ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் அந்தக் கைகள் ஓங்கியிராது. வானத்து வெளிச்சத்தால் யாரும் அடிபட மாட்டார்கள்தான். ஆனால் விசாரிக்கும் பழக்கம் ஒன்றே. வெளிச்சத்தில் பழகிக்கொண்டால், ஓர் ஆளின் படத்தைப் போட்டு "இவன் பிள்ளை பிடிக்கிறவன்" என்று வரும்போதும் அது கைகொடுக்கும்.

அடுத்த முறை ஒரு படம் வந்தால் உடனே மற்றவருக்குத் தள்ளிவிடாதீங்க. யார், எப்போது, எந்தத் திசை, வேறு யார் பார்த்தார் என்று கேளுங்க. பிள்ளைகளையும் கேட்கப் பழக்குங்க.