அலறும் குழந்தையை எழுப்பாதீர்கள்

ராத்திரியில் குழந்தை வீறிட்டால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். தூங்கிய ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் என்றால், டாக்டர்கள் 'நைட் டெரர்' என்று சொல்வதாக இருக்கலாம். பின்னிரவில் எழுந்து, கண்டதைச் சொல்லி அழுதால் அது கெட்ட கனவு.

கனவு என்றால் கட்டிக்கொண்டு, "அம்மா இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிப் பக்கத்தில் படுங்கள், போதும். கதையை அப்போதே கிளற வேண்டாம். மறுநாள் பகலில் படமாக வரையச் சொல்லி, முடிவை மாற்றச் சொல்லுங்கள். துரத்திய நாய் பிஸ்கட் வாங்கித் தின்றுவிட்டு வாலாட்டட்டும். பூச்சாண்டி மிரட்டலை வீட்டில் அடியோடு நிறுத்துங்கள்.

பலரும் தடுமாறுவது நைட் டெரரில்தான். குழந்தை எழுந்து உட்கார்ந்திருக்கும், கண் திறந்திருக்கும், உடம்பு வியர்த்து நெஞ்சு படபடக்கும். தொட்டால் உதறும், அம்மாவையே அடையாளம் தெரியாது. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து மூளை அரைகுறையாக விழித்த நிலை அது. உலுக்குவது, கன்னத்தில் தட்டுவது, முகத்தில் தண்ணீர் தெளிப்பது எதுவும் கூடாது. குழப்பம் கூடும், அலறலும் நீளும். கட்டிலிலிருந்து விழாமல், சுவரில் இடித்துக்கொள்ளாமல் கையால் அணைகட்டி நில்லுங்கள். இறுக்கிப் பிடிக்காதீர்கள். சில நிமிடங்களில், சில சமயம் கால் மணி நேரத்தில், தானாகச் சாய்ந்து தூங்கிவிடும். பாட்டி திருநீறு பூச நினைத்தால் அடங்கிய பிறகு, எழுப்பாமல் பூசட்டும். வீட்டுக்கு வந்து தங்கும் உறவினர்களிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பதறி உலுக்குவது பெரும்பாலும் அவர்கள்தான். காலையில் "ஏன்டா கத்தினே?" என்று கேட்கவே கேட்காதீர்கள். குழந்தைக்கு எதுவும் நினைவிருக்காது. கேட்டால் படுக்கவே பயப்படும்.

அடிக்கடி வருகிறதா? தூக்கத்தைக் கணக்குப் பாருங்கள். 3 முதல் 5 வயதுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். யு.கே.ஜி. போனதும் மதியத் தூக்கம் நின்றுவிடுகிறது. பத்தரைக்குப் படுத்து, வேனுக்காக ஆறரைக்கு எழுந்தால் எட்டு மணி நேரம்தான் ஆகிறது. ஒன்பதுக்குள் படுக்க வையுங்கள், சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்கட்டும். காய்ச்சல் வந்தாலும் ஊருக்குப் போய்ப் புது இடத்தில் தூங்கினாலும் அந்த ஓரிரு ராத்திரி வரலாம். அதற்குக் கலங்க வேண்டாம்.

ஒருவாரம் நேரத்தைக் குறித்துவையுங்கள். தினமும் பதினொன்றரைக்கே வருகிறது என்றால், பதினொன்றேகாலுக்கு முதுகைத் தடவி லேசாக அசையுங்கள். முனகிப் புரண்டு படுத்தால் போதும், முழுதாக எழுப்பக் கூடாது. இரண்டிலிருந்து நான்கு வாரம் விடாமல் செய்யுங்கள். நாலாம் நாளே சலித்து விட்டுவிடுபவர்கள்தான் 'பலிக்கவில்லை' என்பார்கள்.

பலத்த குறட்டையோ வாயால் மூச்சுவிடுவதோ இருந்தால் டான்சிலும் அடினாய்டும் பார்க்க வேண்டும். உடம்பு விறைப்பது, கைகால் ஒரே மாதிரி வெட்டி இழுப்பது, எச்சில் வடிவது வலிப்பாக இருக்கலாம். தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள். முடிந்தால் முகமும் கைகாலும் தெரிய மொபைலில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.