ஒன்பதாம் வகுப்புக்கு முன்பே தொடங்கும் கணக்கு

ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ அமெரிக்க ஹைஸ்கூல்களில் அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வுப் படிவம் வந்துவிடும். நியூஜெர்சியில் எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் அந்த வாரங்களில் போன் ஓயாது. "உங்க பையன் எத்தனை ஏபி எடுக்கிறான்?" என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. ஏபி என்றால் ஹைஸ்கூலிலேயே எடுக்கும் கல்லூரித் தரப் பாடம். என் மகளும் மகனும் இந்தப் படிவங்களையெல்லாம் தாண்டிக் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். இரண்டு பிள்ளைகளோடும் இந்த வழியில் நடந்து பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது: எண்ணிக்கையை வைத்துப் பாடம் எடுக்கக் கூடாது. எந்தப் பாடம், எந்த ஆண்டில், எதற்கு அடுத்து எது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நாம் பிளஸ் டூ மதிப்பெண்ணை 200க்குக் கட்-ஆஃப் போட்டுப் பார்த்து வளர்ந்தவர்கள். தமிழ்நாட்டில் எண் தெரிந்தால் எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். இங்கே விண்ணப்பத்தைப் படிப்பவர் மாணவரின் ட்ரான்ஸ்கிரிப்டோடு அந்தப் பள்ளியைப் பற்றிய குறிப்பையும் சேர்த்தே படிக்கிறார். அங்கே என்னென்ன ஏபி பாடங்கள் உண்டு, மதிப்பெண் முறை என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் பள்ளிக் கவுன்சிலர் நிரப்பும் பகுதியில், அதே பள்ளியின் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு இந்தப் பிள்ளையின் பாடத் தேர்வு எவ்வளவு கடினமானது என்று ஐந்து நிலைகளில் ஒன்றைக் குறிக்கச் சொல்கிறார்கள். எட்டே ஏபி பாடங்கள் உள்ள பள்ளியில் ஆறு எடுத்தவரும், இருபத்தைந்து உள்ள பள்ளியில் ஆறு எடுத்தவரும் ஒரே தட்டில் வைக்கப்படுவதில்லை. டெக்சாஸில் இருக்கும் அண்ணன் மகனோடு உங்கள் மகளை ஒப்பிட்டுக் கவலைப்படவே வேண்டாம். உங்கள் பள்ளியின் குறிப்பைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். "இந்தப் பாடங்களை எடுத்தால் எந்த நிலையில் குறிப்பீர்கள்?" என்று கவுன்சிலரிடம் நேராகவே கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள்.

நம் குடும்பங்கள் அதிகம் கோட்டை விடுவது கணக்கில். பொறியியலோ இயற்பியலோ கம்ப்யூட்டர் சயின்ஸோ படிக்க நினைக்கும் பிள்ளை ஹைஸ்கூல் முடிப்பதற்குள் கால்குலஸ் படித்திருக்க வேண்டும் என்று முன்னணிக் கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன. வழக்கமான வரிசை இது: அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ், கால்குலஸ். ஆண்டுக்கு ஒன்று. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 முடித்த பிள்ளை பன்னிரண்டில் கால்குலஸுக்கு வந்துவிடும். ஒன்பதில் தொடங்கினால் ப்ரீகால்குலஸோடு பள்ளி முடிந்துவிடும். எட்டாம் வகுப்பில் யார் அல்ஜீப்ரா எடுப்பார்கள் என்பதைப் பல பள்ளி மாவட்டங்களில் ஐந்தாம், ஆறாம் வகுப்புத் தேர்வுகளே தீர்மானித்துவிடுகின்றன. ஊரிலிருந்து புதிதாக வந்த குடும்பத்துக்கு இதை யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. சான்பிரான்சிஸ்கோ பள்ளிகள் 2014இல் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவை நிறுத்தின. பத்தாண்டுக் காலம் பெற்றோர் வாதாடிய பிறகு, 2024இல் அதைத் திரும்பக் கொண்டுவரப் பள்ளி வாரியம் வாக்களித்தது. ஒரு பாடத்தின் இடத்துக்கு அவர்கள் ஏன் அவ்வளவு போராடினார்கள் என்பது பன்னிரண்டாம் வகுப்பில்தான் புரியும்.

தாமதமாகிவிட்டாலும் வழி இருக்கிறது. ஜியாமெட்ரியையும் அல்ஜீப்ரா 2ஐயும் ஒரே ஆண்டில் எடுக்கலாம். பள்ளி அனுமதித்தால் கோடை வகுப்பில் ஒன்றை முடிக்கலாம். ஆனால் அடித்தளம் ஆடிக்கொண்டிருக்கும்போது இப்படித் தாவ விடாதீர்கள். அல்ஜீப்ரா 2இல் தடுமாறும் பிள்ளை கால்குலஸில் எழுந்து நிற்பது மிகக் கடினம். ஏபி கால்குலஸிலேயே AB, பிசி (BC) என்று இரண்டு உண்டு. பிசியில் முதலாவதன் பாடம் முழுக்க அடங்கிவிடும், வேகம் கூடுதல். என் மகனுக்கு அந்த வேகம் பிடித்திருந்தது. மகள் உயிரியல் பக்கம் போனவள். முதல் கால்குலஸோடு நிறுத்திக்கொண்டு ஸ்டாடிஸ்டிக்ஸ் எடுத்தாள். இன்று ஆய்வுக்கூடத்தில் அவளுக்குத் தினமும் கைகொடுப்பது அந்த ஸ்டாடிஸ்டிக்ஸ்தான்.

பதினொன்றாம் வகுப்புப் படிவம் வந்தபோது மகன் யுஎஸ் ஹிஸ்டரி, கெமிஸ்ட்ரி, இங்கிலீஷ் லாங்குவேஜ், கால்குலஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏ என ஐந்து ஏபி எழுதியிருந்தான். சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேர வீட்டுப்பாடம் என்று எழுதச் சொன்னேன். அவனாக யோசித்து எழுதவில்லை. அதே ஆசிரியர்களிடம் முந்தைய ஆண்டு படித்த சீனியர்களுக்கு மெசேஜ் போட்டுக் கேட்டு எழுதினான். பள்ளி நேரம், ஆர்கெஸ்ட்ரா ஒத்திகை, நீச்சல், போகவர ஆகும் நேரம், எட்டு மணி நேரத் தூக்கம் எல்லாவற்றையும் கீழே எழுதிக் கூட்டினோம். வாரத்தில் உள்ள 168 மணி நேரத்தைத் தாண்டிப் போயிற்று. "அம்மா, கெமிஸ்ட்ரி லேப் ரிப்போர்ட்டுக்கே ஞாயித்துக்கிழமை பூரா போயிடுமாம். ஹிஸ்டரில வாரா வாரம் ஒரு சாப்டர்" என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் சயின்ஸை அவனே அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தான். படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வீட்டிலும் இந்தத் தாளை எழுதிப் பாருங்கள். பள்ளி தரும் கையேட்டில் இல்லாத தகவல் சீனியர் பிள்ளைகளிடம் கிடைக்கும்.

மே மாத ஏபி தேர்வைப் பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. 1 முதல் 5 வரையிலான அந்த மதிப்பெண் ஜூலையில்தான் வரும். பன்னிரண்டாம் வகுப்பில் எழுதும் தேர்வின் முடிவு வருவதற்குள் சேர்க்கையே முடிந்திருக்கும். எனவே அனுமதிக்கு முதலில் கண்ணில் படுவது வகுப்பில் வாங்கிய கிரேடு. தேர்வு மதிப்பெண்ணின் முக்கியப் பயன் கல்லூரியில் கிரெடிட் கிடைப்பது. அதிலும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விதி. கால்குலஸ் பிசியில் 5 வாங்கினால் எம்ஐடி தன் முதல் கால்குலஸ் பாடத்துக்குக் கிரெடிட் தருகிறது. கால்டெக் எதற்குமே தருவதில்லை. மாநிலப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகத் தாராளம். அங்கே ஒரு செமஸ்டர் கட்டணமே மிச்சமாகலாம்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகங்களின் கணக்கு தனி. 9ஆம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து 11ஆம் வகுப்பு முடிந்த கோடை வரையிலான கிரேடுகளைத்தான் ஜிபிஏவுக்கு எடுப்பார்கள். ஏபி போன்ற பாடங்களுக்குத் தரும் கூடுதல் புள்ளிக்கு எட்டு செமஸ்டர்தான் உச்சவரம்பு. ஒன்பதாம் வகுப்பிலேயே ஏபியைக் குவிப்பதால் அந்த ஜிபிஏ உயராது. டெக்சாஸிலோ 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி வகுப்பில் முதல் 10 சதவீதத்தில் வருபவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு; ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மட்டும் அந்த வரம்பு இன்னும் இறுக்கம். அங்கே ரேங்குக்காக ஏபி போட்டி நடப்பது இதனால்தான். நீங்கள் இருக்கும் மாநிலத்தின் விதியைப் படித்துவிட்டுத் திட்டம் போடுங்கள்.

ஹைஸ்கூலில் இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜ் பாடத்தையும் படிக்கும் டூயல் என்ரோல்மென்ட் நல்ல வழி, செலவும் குறைவு. ஆனால் அது நிஜக் கல்லூரிக் கிரேடு, அழியாது. பின்னாளில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது பதினாறு வயதில் வாங்கிய அந்த சி கிரேடையும் காட்டியாக வேண்டும். டாக்டராகும் ஆசை உள்ள பிள்ளைகள் இதை யோசித்துச் சேர வேண்டும்.

கடைசியாக நம் மொழி. ஏபியில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், சீனம், ஜப்பானியம், லத்தீன் உண்டு, தமிழ் இல்லை. ஏபி சுமை கூடியதும் நம் வீடுகளில் முதலில் நிற்பது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிதான். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியும் தெரிந்த ஹைஸ்கூல் மாணவர்களுக்கென்று கலிபோர்னியா 2011இல் தொடங்கிவைத்த இருமொழி முத்திரையைப் பெரும்பாலான மாநிலங்கள் இன்று வழங்குகின்றன. தமிழில் படிக்க, எழுத, பேசத் தெரியும் என்று தேர்வெழுதிக் காட்டினால் நம் பிள்ளைகளும் அதைப் பெறலாம். சில பள்ளி மாவட்டங்கள் தமிழ்ப் பள்ளிப் படிப்புக்கு மொழிப்பாடக் கிரெடிட்டே கொடுக்கின்றன. தமிழ்ப் பள்ளியை நிறுத்தும் முன் உங்கள் கவுன்சிலரிடம் இதை ஒருமுறை கேளுங்கள். கிரெடிட் கிடையாது என்று சொன்னால், நாலைந்து தமிழ்க் குடும்பங்களாகச் சேர்ந்து பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போய்க் கேளுங்கள்.