டீ மட்டும் போதுமா?

விடியற்காலை. இருட்டு இன்னும் விலகவில்லை. மாரிக்குப்பம் ரயில் நிலையம் அருகே டீக்கடையில் அடுப்பு எரிகிறது. பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் அவசரமாக டீ குடிக்கிறார்கள். கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டன. அதன் பிறகு பலருக்கு ரயில் பயணமே பிழைப்பு ஆனது.

பேத்தியை ரயில் ஏற்ற வந்தார் தாத்தா. அவர் சுரங்கத்தில் வேலை செய்தவர்.

"சாப்பிட்டியா, கண்ணு?"

"டீ குடிச்சிட்டேன் தாத்தா. மத்தியானம் பப்புள் டீ குடிச்சா வயிறு நிறைஞ்சிடும்."

"அது என்ன டீ?"

"பால் டீயில ஐஸ் போடுவாங்க. அடியில கறுப்பு உருண்டைங்க இருக்கும். பெரிய குழல்ல உறிஞ்சி மெல்லணும். சீனாக்காரங்க டீ."

தாத்தா சிரித்தார். "டீயே சீனாவுல இருந்து வந்ததுதானே!"

ஆம். 'டீ', 'சாயா' என்ற இரண்டு பெயர்களும் சீன மொழியில் இருந்து வந்தவை. பப்புள் டீ 1980களில் தைவான் தீவில் பிறந்தது. பிறகு சீன மக்கள் வாழும் பல நகரங்களுக்குப் பரவியது. அங்கே இளைஞர்கள் இந்தக் கடைகளில் கூடிப் பேசுகிறார்கள். நம் டீக்கடை பெஞ்சு போலத்தான்.

அந்தக் கறுப்பு உருண்டை எது? மரவள்ளிக் கிழங்கு மாவு. நாம் பாயசத்தில் போடும் ஜவ்வரிசியும் அதே மாவுதான். சேலம் பக்கத்து ஆலைகளில் கிழங்கைத் தோல் நீக்கி அரைக்கிறார்கள். பாலைத் தெளிய வைத்து மாவு எடுக்கிறார்கள். மாவை உருட்டி, வறுத்து, காய வைத்தால் ஜவ்வரிசி. பப்புள் டீக்கு உருண்டையைப் பெரிதாகச் செய்கிறார்கள். வேக வைத்துச் சர்க்கரைப் பாகில் ஊற வைக்கிறார்கள்.

மாவும் சர்க்கரையும் வயிற்றை நிரப்பும். இரத்தம் ஊறப் போதாது.

போன வாரம் பேத்தி ரயிலில் மயங்கி விழுந்தாள். இரத்தம் சோதித்தார்கள். 100 மில்லி இரத்தத்தில் ஹீமோகுளோபின் 9 கிராம்தான் இருந்தது. பெண்களுக்கு 12 கிராமாவது வேண்டும். குறைந்தால் அது இரத்தசோகை. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். அதையும் அவள் டீயோடு விழுங்கினாள்!

டீயில் துவர்ப்புச் சத்து உண்டு. அது இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். உடம்பில் சேர விடாது. அதனால் மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விட வேண்டும்.

தாத்தா தூக்கை நீட்டினார். உள்ளே முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை. கூடவே ஒரு கொய்யாப்பழம். கொய்யா இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும்.

"நாங்களும் டீ குடிச்சோம், கண்ணு. ஆனா தூக்கு இல்லாம ஒரு நாளும் சுரங்கத்துல இறங்கினது இல்ல."

பேத்தி தூக்கை வாங்கிக்கொண்டாள். ரயில் கிளம்பியது.

யோசியுங்கள்:
1. மாத்திரையை ஏன் டீயோடு விழுங்கக் கூடாது?
2. உங்கள் வீட்டில் காலையில் டீயோடு மட்டும் வேலைக்குப் போகிறவர் யார்?