அப்பாவோடு அல்-உலா: ஒரு பாலைவனப் பயணத்தை இஎம்ஐ இல்லாமல் பிளான் பண்ணுவது எப்படி?

போன வாரம் சேனலில் போட்ட வீடியோவில் "ஃபாரின் ட்ரிப்புக்கு பர்சனல் லோன் எடுக்கலாமா?" என்ற கேள்விக்கு ரெண்டு நிமிஷத்தில் பதில் சொல்லி முடித்துவிட்டேன். அது போதாது. நிஜமாக நடந்த ஒரு பயணத்தின் கணக்கை வைத்து இங்கே விரிவாகப் பார்க்கலாம். (சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பெயர் வேண்டாம் என்றார்.)

2024 ஆகஸ்ட் கடைசியில் படப்பையில் இருக்கும் என் ஆபீஸுக்கு ஒரு தம்பி வந்தார். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். வயசு 27, டேக் ஹோம் 42,000. ஐடிஆர் விஷயமாக வந்தவர், கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், ரெண்டரை லட்சம் லோன் போட்டா ரொம்பத் தப்பா?"

எதுக்கு என்று கேட்டேன். அவர் அப்பா சவுதியில் 17 வருஷம் ட்ரெய்லர் ஓட்டியவர். மதீனா – தபூக் நெடுஞ்சாலையில் நூறு தடவையாவது போய் வந்திருக்கிறார். வழியில் "மதாயின் சாலிஹ்" என்று ஒரு போர்டு வருமாம். பாறையைக் குடைந்து கட்டிய ஊர் என்று கூட ஓட்டுபவர்கள் சொல்வார்கள். லோடு இருக்கும், நேரம் இருக்காது. ஒரு தடவைகூட வண்டி அந்தப் பக்கம் திரும்பவில்லை. இப்போது அப்பாவுக்கு 63, சர்க்கரை இருக்கிறது, முட்டியும் தேய ஆரம்பித்துவிட்டது.

முதலில் ஊரைப் பற்றி நாலு வரி

அந்த போர்டு காட்டிய இடத்துக்கு இன்றைய பெயர் ஹெக்ரா. அல்-உலா என்ற பாலைவன நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மதீனாவிலிருந்து வடக்கே 300 கிலோமீட்டருக்கு மேல். ஜோர்டானில் உள்ள பெட்ராவைக் கட்டிய அதே நபதேயர்கள், சுமார் 2,000 வருஷத்துக்கு முன்னால் மணற்பாறையைக் குடைந்து 100-க்கும் மேற்பட்ட கல்லறைகளை இங்கே செய்தார்கள். சாம்பிராணி வியாபாரப் பாதையில் இருந்த ஊர் என்பதால் பணம் புழங்கிய இடம். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சவுதியின் முதல் பாரம்பரியச் சின்னம் இதுதான்.

சவுதி சுற்றுலா விசாவைத் திறந்ததே 2019 செப்டம்பரில். அதனால் அப்பா வேலை பார்த்த காலத்தில் நாம் நினைக்கிற மாதிரி ஒரு டூர் அங்கே கிடையாது.

லோன் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

2,50,000 ரூபாய், 14% வட்டி, 36 மாதம். இஎம்ஐ சுமார் 8,545. மொத்தம் கட்டுவது சுமார் 3,07,600. அதாவது வட்டி மட்டும் 57,600. ப்ராசஸிங் ஃபீ 2%, அதன் மேல் 18% ஜிஎஸ்டி சேர்த்தால் இன்னொரு 5,900. ஆக, ஏழு நாள் பயணத்துக்கு மூணு வருஷம் கட்டி, கூடுதலாக 63,500 கொடுக்கணும்.

நான் வழக்கம்போல, "ரெண்டு வருஷம் சேர்த்துட்டுப் போங்க தம்பி" என்றேன். அவர் சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது: "காசு ரெண்டு வருஷம் காத்திருக்கும் சார். அப்பா முட்டி காத்திருக்குமான்னு தெரியல."

நியாயமான பேச்சு. தள்ளிப் போடுவதற்கும் ஒரு விலை இருக்கிறது, அது எக்செல்லில் வராது. அதனால் "லோனா, ரெண்டு வருஷமா" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "எவ்வளவு சீக்கிரம் கடனில்லாமல் முடியும்?" என்று உட்கார்ந்தோம்.

பட்ஜெட்: ரெண்டு பேர், ஏழு நாள்

எப்போதும் செலவிலிருந்து ஆரம்பிங்க. "மாசம் எவ்வளவு போடலாம்" என்பது அடுத்த கேள்வி. நாங்கள் ஒதுக்கியது இது:

- விமான டிக்கெட் (சென்னை – ரியாத், அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் அல்-உலா, அதே வழியில் திரும்ப): 90,000
- விசா, டிராவல் இன்ஷூரன்ஸ்: 24,000
- தங்குமிடம் (அல்-உலாவில் 4 இரவு, ரியாத்தில் 1 இரவு): 41,000
- உள்ளூர் வண்டி: 20,000
- நுழைவுக் கட்டணம், கைடு: 15,000
- சாப்பாடு: 15,000

கூட்டினால் 2,05,000. இதன் மேல் 10% எதிர்பாராத செலவுக்கு, 20,500. மொத்தம் 2,25,500. அந்த 10% இல்லாத பட்ஜெட், பட்ஜெட்டே இல்லைங்க.

மாதத்தை நவம்பர் என்று முடிவு செய்தோம். கோடையில் அங்கே 40 டிகிரி தாண்டும். டிசம்பர், ஜனவரியில் ராத்திரி குளிர் 10 டிகிரிக்குக் கீழே போகும், முட்டி வலிக்காரருக்கு ஆகாது. திருவிழா சீசன் என்பதால் ரூம் வாடகையும் ஏறிவிடும்.

14 மாதத்தில் சேர்த்த விதம்

அவசரகால நிதி என்று அவரிடம் 1 லட்சம் எஃப்டியில் இருந்தது. அதைத் தொடக் கூடாது என்பது முதல் விதி.

2024 செப்டம்பர் முதல் மாசம் 12,000 ஆர்டி. சம்பளம் வரும் மறுநாளே பிடித்தம். இதில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனிங்க: பயணம் 14 மாதம் கழித்து, ஆனால் ஆர்டியை 12 மாதத்துக்குத்தான் போடச் சொன்னேன். ஏன்? டிக்கெட்டும் விசாவும் செப்டம்பரிலேயே பணம் கேட்கும். பயண மாதத்தில் முதிர்கிற ஆர்டி பயணத்துக்கு உதவாது. நடுவில் உடைத்தால் வட்டி குறையும்.

12 தவணை 1,44,000, வட்டி சுமார் 5,300. செப்டம்பர், அக்டோபர் சம்பளத்திலிருந்து 24,000. ரெண்டு தீபாவளி போனஸிலிருந்து தலா 30,000. மொத்தம் சுமார் 2,33,300. பட்ஜெட்டைத் தாண்டிவிட்டது. (ஆர்டி வட்டி வரிக்கு உட்பட்ட வருமானம். டிடிஎஸ் பிடிக்கவில்லை என்றாலும் ஐடிஆரில் காட்டணும்.)

இந்தப் பதினாலு மாதத்தில் செய்த இன்னொரு வேலை: கம்பெனி குரூப் ஹெல்த் இன்ஷூரன்ஸில் பெற்றோரைச் சேர்த்தது. அந்த ஆப்ஷன் இருப்பதே அவருக்குத் தெரியாது. உங்க ஹெச்ஆரிடம் நாளைக்கே கேளுங்க.

பேக்கேஜா, தனித்தனி புக்கிங்கா? டிசிஎஸ் கணக்கு

இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். ஒரு டிராவல் ஏஜென்ட் இதே பயணத்துக்கு 2,80,000 பேக்கேஜ் சொன்னார். 2025-26 நிதியாண்டு விதிப்படி, வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு முதல் ரூபாயிலிருந்தே 5% டிசிஎஸ் இருந்தது. வருஷத்துக்கு 10 லட்சம் தாண்டினால் 20% ஆக இருந்தது. ஆக 2,80,000-க்கு 14,000 தனியாகக் கட்ட வேண்டியிருந்தது.

வெறும் விமான டிக்கெட் மட்டுமோ, வெறும் ஓட்டல் மட்டுமோ வாங்கினால் அது பேக்கேஜ் ஆகாது. டிக்கெட், தங்குமிடம், மற்ற செலவு இவற்றில் குறைந்தது ரெண்டு சேர்ந்திருந்தால்தான் பேக்கேஜ் என்று நேரடி வரிகள் வாரியம் 2023 ஜூனில் விளக்கம் கொடுத்திருக்கிறது. தனித்தனியாக வாங்கி, செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டு எடுத்தால், அது எல்ஆர்எஸ் கணக்கில் வரும். அதில் வருஷத்துக்கு 10 லட்சம் வரை டிசிஎஸ் இல்லை. (2025 ஏப்ரலுக்கு முன்னால் இந்த வரம்பு 7 லட்சம்.)

"டிசிஎஸ் திரும்பக் கிடைச்சிடும்ல சார்?" கிடைக்கும். எப்போது என்பதுதான் கேள்வி.

உங்க சம்பளத்தில் மாசா மாசம் டிடிஎஸ் பிடிக்கிறார்கள் என்றால், டிசிஎஸ் விவரத்தைக் கம்பெனிக்குக் கொடுங்க. 2024 அக்டோபர் முதல் இந்த வசதி இருக்கிறது. டிடிஎஸ்ஸில் கழித்துக்கொள்வார்கள், அடுத்த சம்பளமே கூட வரும்.

நம்ம தம்பி மாதிரி, புது வரி முறையில் 12.75 லட்சத்துக்குள் சம்பளம் என்றால் டிடிஎஸ்ஸே இருக்காது. கழிக்க எதுவும் இல்லை. அக்டோபரில் கட்டும் 14,000, அடுத்த வருஷம் ஐடிஆர் போட்டு ரீஃபண்ட் வரும் வரை மாட்டிக்கொள்ளும். அதனால் அவர் தனித்தனியாகவே புக் பண்ணினார்.

இந்த விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். புக் பண்ணும் மாசத்தில் ஒரு தடவை சரிபாருங்க.

எல்டிஏ கிளெய்ம் பண்ணலாமா?

கூடாது. எல்டிஏ விலக்கு இந்தியாவுக்குள் போகும் பயணத்துக்கு மட்டும், அதுவும் பழைய வரி முறையில். நடுவில் ஒரு இந்திய ஊரைச் செருகினால் போதும் என்று யாராவது ஐடியா கொடுத்தால் நம்பாதீங்க. ஸ்டேட் பேங்க் ஊழியர் ஒருவர் டெல்லி – மதுரை – கொழும்பு – கோலாலம்பூர் – சிங்கப்பூர் என்று சுற்றி எல்டிசி வாங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 நவம்பரில் வந்த தீர்ப்பு வங்கிக்கு எதிராகத்தான்.

இன்னொன்று: உங்களுக்கோ மற்றவருக்கோ வெளிநாட்டுப் பயணத்துக்கு வருஷத்தில் 2 லட்சத்துக்கு மேல் செலவு செய்தால், வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் ஐடிஆர் போடுவது கட்டாயம். அப்பா, அம்மாவுக்குச் செலவு செய்கிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

அங்கே காசு செலவழிக்கும் முறை

1. ரியால் 1986 முதல் டாலரோடு கட்டப்பட்டிருக்கிறது. 1 டாலர் = 3.75 ரியால். அதனால் ரியாலைத் தனியாகப் பார்க்க வேண்டாம், டாலர் ஏறினால் ரியாலும் ஏறும். 2025 மார்ச்சில் 23 ரூபாயைச் சுற்றி இருந்தது, நவம்பரில் 24-ஐ நெருங்கிவிட்டது. ஃபாரெக்ஸ் கார்டில் ரெண்டு மூணு தடவையாகப் பிரித்து ஏற்றுங்க.

2. சாதாரண கிரெடிட் கார்டில் 3.5% மார்க்அப் என்றால், ஜிஎஸ்டி சேர்த்து 4.13%. 50,000 செலவுக்கு 2,065 ரூபாய்.

3. மெஷினில் "ரூபாயில் கட்டுகிறீர்களா, ரியாலிலா?" என்று கேட்டால் எப்போதும் ரியால். நான் துபாய் போனபோது முதல் நாள் "ரூபாய்" என்று அழுத்தி ஏமாந்தேன். சிஏ படித்து என்ன பிரயோஜனம் என்று மனைவி இன்னும் கேட்கிறாள்.

4. நோட்டாக 3,000 டாலர் மதிப்பு வரை எடுத்துப் போகலாம். அவ்வளவு தேவைப்படாது. கொஞ்சம் மட்டும் கையில் வைங்க.

பணத்தோடு சேர்ந்த மற்ற விஷயங்கள்

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாசம் இருக்கணும். அப்பா பாஸ்போர்ட் காலாவதி ஆகியிருந்தது. டிக்கெட்டுக்கு முன்னால் தாம்பரம் பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் புதுப்பித்தோம். முன்பு அங்கே வேலை பார்த்தவர் என்றால் ஃபைனல் எக்ஸிட்டில் முறையாக வந்தவரா என்றும் பாருங்க. அது சரியில்லை என்றால் விசாவில் சிக்கல் வரலாம், கட்டிய பணமும் போகும்.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது சர்க்கரையை மறைக்காதீங்க. 500 ரூபாய் பிரீமியம் மிச்சம் பிடிக்கப் போய் கிளெய்ம் மொத்தமும் போய்விடும். வலி மாத்திரைகளில் சில அங்கே கட்டுப்படுத்தப்பட்டவை, டிராமடால் மாதிரி. டாக்டர் சீட்டு இல்லாமல் எதுவும் வேண்டாம். அம்மா கட்டிக் கொடுக்கும் மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருக்கவே கூடாது. வளைகுடா நாடுகளில் அது தடை செய்யப்பட்ட பொருள்.

ஹெக்ராவுக்கு நினைத்த நேரத்தில் தனியாகப் போய் இறங்க முடியாது. முன்பதிவு செய்து, அவர்கள் வண்டியில், கைடோடுதான் போகணும். நடக்கும் தூரம் குறைவு என்பது முட்டி வலிக்காரர்களுக்கு நல்ல செய்தி.

கடைசியில் எவ்வளவு ஆச்சு?

டிக்கெட் 84,000. விசா, இன்ஷூரன்ஸ் 25,500. தங்குமிடம் 43,000. உள்ளூர் வண்டி 26,000. நுழைவுக் கட்டணம் 13,500. சாப்பாடு 12,000. சிம், பேரீச்சம்பழம், சொந்தக்காரர்களுக்குச் சின்னச் சின்னப் பொருட்கள் 9,000. மொத்தம் 2,13,000. கடன் பூஜ்யம். சேர்த்ததில் மிஞ்சிய 20,000 சொச்சம் அவசரகால நிதிக்குப் போய்விட்டது.

உள்ளூர் வண்டியில் மட்டும் 6,000 எகிறியிருக்கிறது, பார்த்தீங்களா? ஒதுக்குப்புறமான ஊருக்குப் போகிறவர்கள் அந்த வரியில் எப்போதுமே தாராளமாக ஒதுக்குங்க, ஓட்டலிலிருந்து எல்லாமே தூரம். ஆனால் இங்கே காரணம் வேறு. ஹெக்ரா பார்த்த மறுநாள் அப்பா, "அந்த ரோட்டுக்கு ஒரு தடவை போலாமா?" என்று கேட்டிருக்கிறார். வாடகைக் காரில் நெடுஞ்சாலை பிரியும் இடம் வரை போயிருக்கிறார்கள். அப்பா இறங்கி, போகிற வருகிற ட்ரெய்லர்களைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றாராம். அப்புறம், "சரி, திரும்பச் சொல்லு" என்று மட்டும் சொன்னாராம். வண்டி அல்-உலா பக்கம் திரும்பியது.

தம்பி என்னிடம் கணக்கு கொடுக்கும்போது, "இந்த ஆறாயிரம் பட்ஜெட்ல இல்ல சார்" என்றார். 10% எதுக்கு வைத்தோம் என்று நினைக்கிறீங்க என்றேன்.

உங்க வீட்டிலும் இப்படி ஒரு போர்டு இருக்கும். அது சவுதியாக இருக்கணும் என்றில்லை, காசியாகவோ, அம்மா பிறந்த ஊராகவோ இருக்கலாம். இந்த வாரம் மூணு வேலை செய்யுங்க: எங்கே போகணும் என்று அவர்களிடமே கேளுங்க, செலவை வரி வரியாக எழுதுங்க, தேவையான மாதத்துக்கு ரெண்டு மாதம் முன்னால் முதிர்கிற மாதிரி ஒரு ஆர்டி ஆரம்பிங்க. அடுத்த வீடியோவில் ஃபாரெக்ஸ் கார்டு, கிரெடிட் கார்டு ஒப்பீட்டைப் பார்க்கலாம்.